கட்டிலை உதைத்து எழுப்புகிறவள்

நெய்வேலி
11.11.2013

சேசு மரி சூசை துணை

அன்புள்ள புஷ்பத்துக்கு,

நான் இருக்கிறேன். சுகமா என்று கேட்காதே, இருக்கிறேன், அவ்வளவுதான். நீயும் லிடியாவும் மாப்பிள்ளை ஜாஸ்பரும் பேரப்பயல் ஜெப்ரினும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

நேற்று நம் லிடியா என் செல்லுக்கு இங்கிலீஷில் ஒரு மெசேஜ் போட்டிருந்தாள். கீழ்வீட்டு ராமசாமியிடம் காட்டினேன். அவன் படித்துவிட்டு என் காதில் வாயை வைத்து, "ஒங்க வூட்டம்மாவுக்கு முட்டியில பாதி மாத்துனா போதுமாம், கோயமுத்தூர் டாக்டரு சொல்லிட்டாராம்!" என்று கத்தினான். எதிர் குவார்ட்டர்ஸில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். என் பெண்டாட்டி முட்டிச் சமாச்சாரம் எனக்குப் புரிவதற்குள் பிளாக் முழுக்கப் போய்விடுகிறது. அதனால் இனிமேல் எதுவானாலும் தபாலில் எழுது. மைன்ஸில் கன்வேயர் பக்கத்திலேயே நின்று நின்று அவிந்துபோன காதுக்குப் போன் எதற்கு?

விஷயத்துக்கு வருகிறேன். பாதி என்றால் என்ன கணக்கு? முட்டி என்ன தேங்காயா, ஒரு மூடியை வைத்துக்கொண்டு இன்னொரு மூடியை மாற்றுவதற்கு? ராமசாமி சம்சாரம் பெரியநாயகி போன வருஷம் முழு மூட்டும் மாற்றிக்கொண்டு வந்தாள். இப்போது தனியாகப் பால் பூத்துக்குப் போய்வருகிறாள். நான் உன் பழைய எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போய், சென்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி ரெபரல் கேட்டுவிட்டு வந்துவிட்டேன். முழு மூட்டு என்றே சொல்லியிருக்கிறேன். அடுத்த ஜூன் முப்பதோடு எனக்கு ரிட்டயர்மென்ட். சர்வீஸில் இருக்கும்போதே எல்லாம் முடிந்துவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் புறப்பட்டு வா. குழந்தை தலை நிற்கிற வரைக்கும் என்று போனவள் நீ. அவன் நடக்கவே ஆரம்பித்துவிட்டான்.

போன வாரம் விடிகாலை ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ்ஸை விட்டுவிட்டேன். செல்லை அதிர்கிற மாதிரி வைத்துத் தலையணைக்கு அடியில்தான் போட்டிருந்தேன். அது நகர்ந்து கீழே விழுந்து, தரையில் துடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. நீ இரண்டு கையிலும் மாவோடு வந்து இரும்புக் கட்டில் காலை ஓர் உதை விடுவாயே, அந்த உதைக்கு எழுந்து பழகின உடம்பு இது. செல் எல்லாம் இதற்குப் போதாது.

சவரிராஜ்

கோயம்புத்தூர்
20.11.2013

லிடியா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டு படித்தேன். வந்த கோபத்தில் ரசம் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது.

முட்டி யாருடையது? வலி யாருக்கு? என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் முட்டிக்கு ரெபரல் வாங்கப் போயிருக்கிறீர்கள். நல்லாயிருக்குதே நியாயம்! அதுவும் பழைய எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு. அது படுத்துக்கொண்டு எடுத்த படம். இங்கே டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். நிற்க வைத்து எடுத்தால்தான் உடம்பு பாரம் இறங்கும்போது எந்த இடத்தில் எலும்பு எலும்போடு உரசுகிறது என்று தெரியுமாம். என்னை நிற்க வைத்து எடுத்தார்கள். வலது முட்டியின் உள்பக்கம் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது. வெளிப்பக்கம் நன்றாக இருக்கிறது, மேலே இருக்கிற முட்டிச் சில்லுக்கு அடியிலும் நன்றாக இருக்கிறது, உள்ளே பிடித்துக்கொண்டிருக்கிற தசைநாரும் உறுதியாக இருக்கிறது. கெட்டுப்போன பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். சின்ன வெட்டு. சீக்கிரம் நடக்கலாம், நம்முடைய சொந்த முட்டி மாதிரியே இருக்கும் என்கிறார். பின்னால் மற்றப் பக்கமும் தேய்ந்தால் இன்னொரு ஆபரேஷன் வரலாம், அதையும் அவர் மறைக்கவில்லை. பெரியநாயகிக்கு மூட்டு முழுக்கப் போயிருந்தது, முழுசும் மாற்றினார்கள். அவள் முட்டியும் என் முட்டியும் ஒன்றா?

இங்கே நாங்கள் இருப்பது ஏழாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, அதனால் முட்டிக்குக் கஷ்டமில்லை. லிடியா ஸ்கூலுக்கும் மாப்பிள்ளை கம்பெனிக்கும் போய்விட்டால், நானும் ஜெப்ரினும்தான். அவனும் தூங்கிவிட்டால் வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். எதிர்வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது. பெருக்க வருகிற கமலாதான் எனக்குப் பேச்சுத் துணை. அவளும் மூன்று வீடு பாக்கி இருக்கிறது என்று ஓடுவாள். ஒருநாள் அவளை நிறுத்தி உங்கள் காதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், பாவம், துடைப்பத்தோடு நின்று கேட்டாள்.

கோயிலில் எல்லோரும் முழந்தாளிடும்போது நான் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

மரியபுஷ்பம்

நெய்வேலி
28.11.2013

அன்புள்ள புஷ்பத்துக்கு,

ரசம் பொங்கினதற்கும் நான்தான் காரணமா? சரி, இருக்கட்டும்.

நான் சொல்வதைக் கோபப்படாமல் படி. நான் கான்ட்ராக்டில் எத்தனை வருஷம் கிடந்தேன் என்று உனக்குத் தெரியும். லிடியா பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் கான்ட்ராக்ட்தான். அதே வேலை, அதே தூசி, அதே கன்வேயர். ஆனால் பக்கத்தில் நின்றவன் பெர்மனென்ட், நான் கான்ட்ராக்ட். எப்போது கூப்பிட்டு, "நாளையிலேருந்து வராத"ன்னு சொல்வார்களோ என்று ஒவ்வொரு மாசமும் பயந்துகொண்டேதான் வேலைக்குப் போவேன். பாதி மூட்டு என்பது கான்ட்ராக்ட். பின்னால் தேயலாம், பின்னால் ஆபரேஷன் வரலாம் என்று டாக்டரே சொல்கிறாரே. முழு மூட்டு பெர்மனென்ட். ஒருதடவை போட்டால் போட்டதுதான். நான் பட்டது போதும், உன் முட்டிக்கும் அது வேண்டாம்.

இன்னொன்று. உனக்காக வடலூர் போய் ஒரு கமோடு நாற்காலி வாங்கி வந்துவிட்டேன். நம் குவார்ட்டர்ஸ் கக்கூஸில் உன்னால் குந்த முடியாது அல்லவா? பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், டிக்கெட் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். வீட்டில் மூலையில் வைத்து உன் பழைய சேலையைப் போர்த்தியிருக்கிறேன். ராத்திரி விளக்கைப் போட்டால் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

லீவும் சேர்த்து வைத்திருக்கிறேன். பெரியநாயகி மூன்று மாசம் வீட்டோடு கிடந்தாள். ராமசாமிதான் கஞ்சி வைத்துக் கொடுத்து, காலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்ய வைத்து, பிடித்துக்கொண்டு நடக்க வைத்தான். நான் மட்டும் செய்ய மாட்டேனா? மூன்று மாசம் உன்னை அடுப்புப் பக்கமே விட மாட்டேன். சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டேன். பருப்பு வேகவில்லை என்றால் மறுபடி அடுப்பில் வைத்துவிடுகிறேன்.

பதில் போடு. சும்மா இருக்காதே.

சவரிராஜ்

கோயம்புத்தூர்
7.12.2013

லிடியா அப்பாவுக்கு,

கான்ட்ராக்ட், பெர்மனென்ட் என்று எழுதியதைப் படித்து முதலில் சிரித்தேன். அப்புறம் அழுகை வந்தது. ஆனாலும் நீங்கள் சொல்வது தப்பு, அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கன்வேயரில் ரோலர் ஒன்று கோணிக்கொண்டால் பெல்ட் ஒரு பக்கமாகவே தேயும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? அப்போது என்ன செய்வீர்கள்? பெல்ட் முழுக்கவா மாற்றுவீர்கள்? கெட்ட துண்டை அறுத்து எடுத்துவிட்டுப் புதுத் துண்டை ஒட்டி ஓட்டுவோம் என்று சாப்பிடும்போதெல்லாம் கதை சொல்வீர்களே. நான் சாதத்தைப் பிசைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். என் காலும் வளைந்துபோய் உள்பக்கமாகவே பாரம் இறங்கித் தேய்ந்திருக்கிறது என்றுதான் டாக்டரும் சொல்கிறார். பெல்ட்டுக்குக் காட்டுகிற பொறுமையை என் காலுக்குக் காட்டக் கூடாதா?

ஆனால் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. முந்தாநாள் லிடியாவும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். உங்கள் காது மாதிரி இல்லை என் காது, கேட்கக் கூடாததும் கேட்டுவிடுகிறது. "பார்ஷியல்னா அம்மா மூணு வாரத்துல எழுந்துடுவாங்க, பரீட்சை நேரத்துல நான் லீவு போட வேணாம், ஜெப்ரினைப் பாத்துக்குவாங்க" என்றாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவள் களைத்துப்போயிருக்கிறாள், பாவம். ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

அப்போதுதான் உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். மூன்று மாசம் வீட்டோடு கிடப்பாள், லீவு சேர்த்து வைத்திருக்கிறேன், கமோடு நாற்காலி வாங்கிவிட்டேன். முழு மூட்டு ஏன் வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியவில்லை. பாதி என்றால் சீக்கிரம் எழுந்து மகளிடம் போய்விடுவேன், முழுசு என்றால் மூன்று மாசம் உங்கள் கட்டிலில் கிடப்பேன். அதுதானே?

மகளுக்கு நான் சீக்கிரம் எழ வேண்டும், புருஷனுக்கு நான் எழாமல் கிடக்க வேண்டும். இரண்டு பேரும் என் முட்டியைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். ஆனால் வலிக்கிறதா என்று கேட்டு எத்தனை நாள் ஆகிறது? வலிக்கிறது. நிற்கும்போது வலிக்கிறது, ராத்திரி திரும்பிப் படுத்தால் வலிக்கிறது. யாரும் கேட்காததால் நானே எழுதுகிறேன்.

இனிமேல் கொஞ்ச நாள் எழுத மாட்டேன்.

மரியபுஷ்பம்

நெய்வேலி
26.12.2013

அன்புள்ள புஷ்பத்துக்கு,

வலி எப்படி இருக்கிறது?

இதை முதலில் எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்து, பேப்பரை எடுத்து வைத்துவிட்டு இரண்டு வாரமாக உட்கார்ந்திருந்தேன். நீ எழுதியதை மறுத்து எழுத ஒன்றுமில்லை. அப்படித்தான் நினைத்திருக்கிறேன். நினைக்கிறேன் என்று தெரியாமலே நினைத்திருக்கிறேன். மூன்று மாசம் என்று பெரியநாயகி சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பெண்டாட்டியைக் கத்தி வைத்து அறுக்கப்போகிறார்கள், எனக்குச் சந்தோஷம். என்ன ஜென்மம் நான்!

நேற்று கிறிஸ்துமஸ். நட்சத்திரம் கட்டினேன், போன வருஷத்துதான், ஒரு முனை கிழிந்திருந்தது. ராத்திரிப் பூசைக்குப் போனேன். சாமியார் பிரசங்கம் ஒன்றும் கேட்கவில்லை, எல்லோரும் எழுந்தால் எழுந்தேன், உட்கார்ந்தால் உட்கார்ந்தேன். நீ இருந்தால் தொடையில் கிள்ளி எழுப்புவாய். நேற்று எல்லோரும் முழந்தாளிட்ட பிறகு நான் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்திருக்கிறேன். முன்னால் இருந்த ஒரு சின்னப்பெண் திரும்பிப் பார்த்தது. உன் பிளாஸ்டிக் நாற்காலி நினைவுக்கு வந்தது.

பெரியநாயகி பலகாரம் கொடுத்தனுப்பினாள். நம் வீட்டிலிருந்து அவர்களுக்குக் கேக் போக வேண்டும், இந்த வருஷம் தலைகீழாகிவிட்டது. "ஒண்டியா இருந்துகினு என்னத்தப் பண்ணுவீங்க, சாப்புடுங்க" என்று அவள் சொன்னதை வாயைப் பார்த்தே புரிந்துகொண்டேன். சாப்பிட்டேன்.

ரெபரலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோயம்புத்தூரிலேயே செய்துகொள். பாதியோ முழுசோ, அந்த டாக்டர் என்ன சொல்கிறாரோ அப்படியே செய். எனக்கு இதில் இனிமேல் அபிப்பிராயம் இல்லை. ஆபரேஷன் அன்றைக்கு நான் வரலாமா என்று மட்டும் சொல்.

சவரிராஜ்

கோயம்புத்தூர்
9.1.2014

லிடியா அப்பாவுக்கு,

வலி இருக்கிறது. நீங்கள் கேட்ட பிறகு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, அது மனப்பிரமையாக இருக்கும்.

வரலாமா என்று கேட்கிறீர்களே, நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா? பிப்ரவரி பத்தாம் தேதி ஆபரேஷன். முந்தின நாளே வந்துவிடுங்கள்.

டாக்டர் இன்னொன்று சொன்னார். எக்ஸ்ரேயில் உள்பக்கம் மட்டும்தான் தேய்ந்ததாகத் தெரிகிறது, ஆனால் திறந்து நேரில் பார்த்தால்தான் நிச்சயம் என்றார். மற்றப் பக்கமும் கெட்டிருந்தால் அங்கேயே முழு மூட்டையும் மாற்றிவிடுவாராம். இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டுவிட்டேன். நாம் இரண்டு பேரும் இத்தனை மாசம் சண்டை போட்டது அவர் கத்தியை எடுக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாத விஷயத்துக்கு. எனக்குச் சிரிப்பாக வந்தது. லிடியா ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். உங்களிடம் சொல்லலாம், அவளிடம் என்ன சொல்ல?

எனக்குப் பயமாக இருக்கிறது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பார்களாம், முழித்துக்கொண்டுதான் இருப்பேனாம். சத்தமெல்லாம் கேட்கும், பயப்படக் கூடாது என்றார்கள். உங்கள் காதை ஒரு நாளைக்குக் கடன் கொடுங்கள்.

வரும்போது என் பழைய செபமாலையை எடுத்து வாருங்கள். சாமிப் படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கும்.

மரியபுஷ்பம்

கோயம்புத்தூர்
17.2.2014

லிடியா அப்பாவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். வாக்கர் பிடித்து நடக்கிறேன். மறுநாளே நிற்க வைத்துவிட்டார்கள், நம்பவே முடியவில்லை. பாதிதான் மாற்றினார்கள். இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நீங்கள் ஏன் சொல்லாமல் போனீர்கள்?

உள்ளே ஆசாரிக் கொட்டகை மாதிரி தட்டுகிற சத்தம். அது என் எலும்பு என்று நினைத்தால் பயமாக இருந்ததால் உங்கள் கன்வேயர் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் டாக்டர், "மத்த பக்கமெல்லாம் நல்லா இருக்கும்மா, பாதி போதும்" என்று என் தலைமாட்டுப் பக்கம் குனிந்து சொன்னார். எனக்கு முதலில் தோன்றியது, இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்பதுதான். ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல இல்லை. சத்தியமாக இல்லை. சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வார்டுக்குக் கொண்டுவந்தபோது லிடியாவும் மாப்பிள்ளையும் நின்றார்கள். நீங்கள் டீ குடிக்கப் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன். அப்புறம் மருந்து மயக்கத்தில் தூங்கிவிட்டேன். விடியும்போது முழிப்பு வந்தது. பக்கத்துப் பெஞ்சில் யாரோ போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள். நீங்கள்தான் என்று நினைத்து, நல்ல காலால், இடது காலால், கட்டில் கம்பியை ஓர் உதை உதைத்தேன். நர்ஸ் ஓடிவந்துவிட்டாள். "என்னம்மா பண்றீங்க, வலிக்குதா?" என்றாள். போர்வையை விலக்கிப் பார்த்தால் லிடியா. நீங்கள் ராத்திரியே பஸ் ஏறிவிட்டீர்கள் என்று அவள்தான் சொன்னாள்.

செபமாலை மட்டும் தலையணைப் பக்கத்தில் இருந்தது. அதைக் கொடுக்கத்தான் வந்தீர்களா?

மரியபுஷ்பம்

நெய்வேலி
3.3.2014

அன்புள்ள புஷ்பத்துக்கு,

வலி எப்படி இருக்கிறது? மடக்கி நீட்டுகிற பயிற்சியை விடாதே. பெரியநாயகி சொல்லச் சொன்னாள்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். யார்மேலும் குறை இல்லை.

வெளியே நாற்காலியில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். கதவைத் திறந்து நர்ஸ் பெயரைக் கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. லிடியாவும் மாப்பிள்ளையும் எழுந்து ஓடின பிறகுதான் பார்த்தேன், நானும் பின்னாலேயே போனேன். டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டு ஏதோ சொன்னார். லிடியா தலையாட்டினாள், மாப்பிள்ளை தலையாட்டினார். நான் "பாதியா, முழுசா?" என்று கேட்டேன். யாரும் திரும்பவில்லை. மறுபடி கேட்டேன். எனக்கு என் சத்தம் தெரியாதே, ரொம்பக் கத்திவிட்டேன் போலிருக்கிறது. அங்கிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மாப்பிள்ளை வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, அப்புறம் சொல்கிறேன் என்று கையைக் காட்டினார். அவர் நல்ல பிள்ளைதான், அவருக்கு ஆயிரம் பதற்றம். ஆனால் அந்த அப்புறம் வரவேயில்லை. மருந்து வாங்க ஓடினார், பணம் கட்ட ஓடினார். லிடியா அழுதுகொண்டே யாருக்கோ போன் பேசினாள். சந்தோஷ அழுகையா, வேறா என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கே நான் ஒருத்தன் நின்றுகொண்டிருந்தேன் புஷ்பம். இத்தனை மாசம் பாதி, முழுசு என்று சண்டை போட்டவன். உனக்கு எது நடந்தது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். ராத்திரி ஒருத்தர்தான் கூட இருக்கலாம் என்று எழுதிப் போட்டிருந்தது. நர்ஸ் கூப்பிட்டால் கேட்காதவன் இருந்து என்ன பிரயோஜனம்? செபமாலையைத் தூங்குகிற உன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது லிடியா மெசேஜ் வந்தது, இங்கிலீஷில். பக்கத்து சீட்டில் ஒரு காலேஜ் பெண். செல்லை நீட்டினேன். அது வாயசைத்துப் பார்த்தது, எனக்குப் புரியவில்லை. கத்துவதற்கு அதற்கு வெட்கம். பையிலிருந்து பேனா எடுத்து என் டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக் காட்டியது. "பாதிதான். அம்மா நல்லா இருக்காங்க." நான் அழுவதைப் பார்த்துத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தது. யார் பெற்ற பிள்ளையோ, மகராசியாக இருக்கட்டும்.

நீ கட்டிலை உதைத்தாய் என்று எழுதியதைப் படித்தேன். நான் இருந்திருந்தால் எழுந்திருப்பேன்.

சவரிராஜ்

நெய்வேலி
9.6.2014

அன்புள்ள புஷ்பத்துக்கு,

நீ லிஃப்ட் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாய் என்று மகள் மெசேஜ் போட்டிருந்ததாக ராமசாமி கத்தினான். பிளாக்குக்கே சந்தோஷம்.

வேப்பமரத்தடியில் பண்ருட்டி பலாப்பழ வண்டி நிற்கிறது. தானே புயலுக்கு அப்புறம் இந்த வருஷம்தான் பழம் பரவாயில்லை. ஒரு ஆளுக்கு முழுப் பழம் எப்படி வாங்குவது? சுளையாகக் கொஞ்சம் வாங்கினேன், அதுவும் மிஞ்சிப்போனது.

என் கடைசி நாள் திங்கட்கிழமை வருகிறது, ஃபர்ஸ்ட் ஷிப்ட். மத்தியானம் ஷிப்ட் முடிந்ததும் பாராட்டு விழா. நீ பார்த்திருக்கிறாயே, மேடையில் ரிட்டயர் ஆகிறவனுக்கு ஒரு நாற்காலி, சம்சாரத்துக்கு ஒரு நாற்காலி போட்டு, இரண்டு பேருக்கும் மாலை போடுவார்கள். செக்ஷனில் கோபாலகிருஷ்ணன் வந்து ஒரு விரலைக் காட்டி, அப்புறம் இரண்டு விரலைக் காட்டி, எத்தனை நாற்காலி, எத்தனை மாலை என்று கேட்டான். அப்புறம் சொல்கிறேன் என்று கையைக் காட்டினேன்.

உன்னை வரச் சொல்லி எழுதவில்லை. குழந்தை இருக்கிறான், லிடியாவுக்கு வேலை இருக்கிறது, எனக்குத் தெரியும். கால் சரியாகிவிட்டது என்பதற்காக உன்னை ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் திரும்பவும் அதே கதைதான். பெல்ட்டை எந்தப் பக்கமும் இழுத்துக் கட்டக் கூடாது. நாற்காலி விஷயம் மட்டும் ஒரு வரி எழுது, அவன் தினமும் கேட்கிறான்.

சவரிராஜ்

கோயம்புத்தூர்
17.6.2014

லிடியா அப்பாவுக்கு,

இரண்டு நாற்காலி. இரண்டு மாலை. எனக்குச் சம்பங்கி மாலை வேண்டும், மூக்கில் இடிக்கிற மாதிரி பெரிசாக வேண்டாம் என்று அந்தக் கோபாலகிருஷ்ணனிடம் சொல்லுங்கள்.

லிடியாவிடம் நேற்றுதான் சொன்னேன். "நீங்க இல்லன்னா நான் என்னம்மா செய்வேன்?" என்று அழுதாள். "அங்க ஒருத்தர் அதையே எழுத்துல கூட கேக்காம ஒண்டியா கெடக்கறாரு, நானும் இங்க எத்தினி நாளு ஃப்ரிட்ஜ் கூட பேசிகினு இருக்கறது?" என்று கேட்டேன். ராத்திரி மாப்பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் உங்கள் முகம் போன போக்கு அப்போது தெரியவில்லை, இப்போது நினைத்தால் தூக்கம் வரவில்லை என்றார். உங்கள் கடிதத்தை நான் காட்டவில்லை, அவராகவே சொன்னார். அவருடைய அம்மா அடுத்த வாரம் வந்து கொஞ்ச நாள் இருப்பார். பிறகு ஜெப்ரினைக் குழந்தைகள் காப்பகத்தில் விடுவார்கள். அவன்தான் என் தொடையைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். அவனை விட்டுவிட்டு வருவதுதான் எனக்குத் துக்கம். அவனுக்காக அங்கேயும் அழுவேன், நீங்கள் ஒன்றும் கேட்கக் கூடாது.

படி ஏறப் பழகிவிட்டேன். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னால். நம் மாடிப்படியைக் கைப்பிடி பிடித்து மெதுவாக ஏறிவிடுவேன். குந்தக் கூடாது, முழந்தாளிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் உங்கள் கமோடு நாற்காலியின்மேல் போர்த்திய சேலையை எடுத்துத் துவைத்து வையுங்கள். கோயிலில் நான் நாற்காலியில்தான் உட்காருவேன். நீங்களும் என் பக்கத்தில் உட்காருங்கள், எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று நான் கிள்ளுகிறேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு எங்கே போவது என்று எனக்கும் தெரியவில்லை. வடலூரோ குள்ளஞ்சாவடியோ, கீழ்வீடாகப் பாருங்கள். அதைப் பேசிக்கொள்ளலாம். கத்தித்தான் பேச வேண்டியிருக்கும், பரவாயில்லை, தெரு கேட்டால் கேட்கட்டும்.

ஒரு வருஷத்துக்கு மேல் நீங்கள் தனியாக எழுந்து, தனியாகத் தின்று, தனியாக ஷிப்டுக்குப் போனீர்கள். அது போனது போனதுதான், அதை எந்த டாக்டரும் திரும்ப வைத்துக் கொடுக்க முடியாது. நான் எழுப்பி அனுப்ப மிச்சம் இருப்பது அந்தக் கடைசி ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவேன். பலாப்பழம் முழுசாக வாங்கி வையுங்கள்.

ராத்திரி செல்லை அணைத்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள். திங்கட்கிழமை காலையில் கட்டிலை நான் உதைக்கிறேன், இடது காலால். புது முட்டிக்கு இன்னும் பயமாக இருக்கிறது. ஒரே உதைதான், அதற்கு எழுந்துவிட வேண்டும்.

மரியபுஷ்பம்